ஒன்பது புளியங்கொட்டை

அன்புள்ள அக்கா,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். ராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஆறு பேர் கூடி ரோல்பிளேயிங் கேம் ஆடுவோம். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற ஆட்டம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளை எங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டோம். உலகம் மட்டும் நானே உண்டாக்கியது. ஆட்டத்தை நடத்துகிறவனும் நான்தான்.

அந்த உலகத்துக்கு ஒரு வான்தெய்வம் வேண்டும். கெட்ட தெய்வங்கள் நாலைந்து சுலபமாக வந்துவிட்டன. நல்ல தெய்வம்தான் வரமாட்டேன் என்கிறது. பொன்னிறச் சிறகு, மேகத்தில் அரண்மனை, எல்லோருக்கும் அருள் என்று இரண்டு பக்கம் எழுதி 'ஏதெரியஸ்' என்று பெயரும் வைத்தேன். நண்பர்கள் அவரை மருந்துக்கடை மாதிரிதான் பயன்படுத்துகிறார்கள். அடிபட்டால் பூசாரி கும்பிடுவார், காயம் ஆறிவிடும், அவ்வளவுதான்.

போன வாரம் ஆட்டத்தில் ஒரு துறைமுக ஊரைப் புயல் அடிப்பதுபோல வைத்தேன். நண்பன் ஒருவனுடைய அப்பத்தா குடும்பம் 1964 புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியை விட்டு வந்தது. அவன் பகடையைக் கீழே வைத்துவிட்டு, "உங்க சாமி நல்லவருன்னா அப்ப எங்கடா இருந்தாரு?" என்று கேட்டான். ஆட்டம் அதோடு நின்றது. என்னிடம் பதில் இல்லை. நல்ல சாமியை எப்படி அக்கா உருவாக்குவது?

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நண்பர் கேட்டதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு பஸ் பயணத்தைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன், பங்குனி மாதம். முதுகுளத்தூரிலிருந்து சாயல்குடி போகிற பஸ்ஸில் இருந்தேன். மத்தியானம் திடீரென்று இருட்டிக்கொண்டு ஒரு மழை. அரைமணி நேரம் பெய்திருக்கும். ஜன்னலோரம் இருந்த பெரியவர் "போச்சு" என்றார். களத்தில் முண்டு மிளகாய் காய்கிறது, நனைந்தால் நிறம் போய்விடும், வியாபாரி விலையைப் பாதியாக்குவார். பின்சீட்டில் காலிக் குடங்களைக் கயிற்றில் கோத்து வைத்திருந்த ஓர் அம்மா, "இன்னும் செத்த பேயட்டும் தாயி" என்று வெளியே பார்த்துக் கும்பிட்டார். அவருக்கு நேர் முன்னால் இருந்த பனையேறி வாயே திறக்கவில்லை. அது பதநீர்க் காலம். கலயத்தில் மழைத்தண்ணீர் விழுந்தால் அன்றைக்குக் கருப்பட்டி சேராது.

சாயங்காலம் வாலிநோக்கம் போய்ச் சேர்ந்தேன். உப்பளத்தில் பாத்தியில் பூத்திருந்த உப்பு கரைந்துபோய், ஆட்கள் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். கடற்கரையில் கருவாடு காயப்போட்ட பெண்கள் நனைந்த மீனைப் பிரித்துப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். வழியில் ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு பையனுக்கு மட்டும் அப்படிச் சந்தோஷம். பத்து நாளில் புல் தலைகாட்டிவிடும்.

ஒரே மழை. இத்தனை பேரும் நியாயமானவர்கள், எல்லோரும் அண்ணாந்து ஒரே வானத்தைத்தான் பார்த்தார்கள். உங்கள் ஏதெரியஸ் அன்றைக்கு என்ன செய்திருப்பார்? அந்த இரண்டு பக்கத்தில் இதற்குப் பதில் இல்லாததால்தான் அவருக்கு உயிர் வரவில்லை என்று நினைக்கிறேன். கெட்ட தெய்வம் சுலபமாக வந்ததற்கும் இதுவே காரணம். அதற்குத் தன் விருப்பம் ஒன்று போதும். நல்ல தெய்வம் எல்லோருடைய விருப்பத்தையும் காதில் வாங்கியாக வேண்டும்.

விதிப்புத்தகத்தில் ஒரு பாத்திரத்தின் குணத்தைக் குறிக்க 'சட்டத்துக்குட்பட்ட நல்லவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை நிரப்பிவிட்டு நின்றுவிடாதீர்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் 1974இல் அந்த ஆட்டத்தை வெளியிட்டபோது சட்டம், நடுநிலை, குழப்பம் என்று மூன்று சார்புதான் இருந்தன. நன்மை தீமை என்ற கோடு பிறகு சேர்ந்தது. அந்த மூன்றை வைத்துக்கொண்டே ஆட்கள் ஆடியிருக்கிறார்கள்.

நம் மாவட்டத்தை 'வானம் பார்த்த பூமி' என்று சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். ஒரு வான்தெய்வத்தை உண்டாக்க உட்காருகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எங்கே கிடைக்கும்? வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாகவே வான்சிறப்பை வைத்தார். அதில் 15ஆம் குறளைத் திரும்பவும் படித்துப் பாருங்கள். பெய்யாமல் கெடுப்பதும் மழை, கெட்டவரைத் தூக்கி நிறுத்துவதும் மழை என்கிறார்.

பழைய வான்தெய்வங்களின் கதையும் உங்களுக்கு உதவும். ரிக்வேதத்தின் தியௌஸ், கிரேக்கரின் ஸீயஸ், ரோமரின் ஜுபிடர் மூன்றும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து வந்த பெயர்கள். அந்த வேருக்கு வானம் என்று அர்த்தம், தந்தை என்ற சொல்லையும் சேர்த்து 'வானத் தந்தை' என்று கூப்பிட்டார்கள். தந்தை என்று பெயர், ஆனால் ரிக்வேதத்தில் தியௌஸுக்கென்று தனியாக ஒரு பாட்டுகூட இல்லை. ரொம்ப உயரத்தில் வைத்தால் மனிதர்கள் மறந்துவிடுகிறார்கள். வருணன் கதை வேறு. அங்கே அவன் வானத்து ஒழுங்கைக் காக்கிறவன், எல்லாவற்றையும் பார்க்கிறவன், பொய் சொன்னவனைக் கட்டக் கையில் பாசக்கயிறு வைத்திருப்பவன், மன்னிக்கவும் தெரிந்தவன். காலம் போகப் போக நீருக்கு மட்டும் தெய்வமாகச் சுருங்கினான். தொல்காப்பியம் நெய்தலின் பெருமணல் உலகத்தை வருணனுக்குத்தான் கொடுக்கிறது. வானத்திலிருந்து இறங்கி நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்த தெய்வம் என்று நான் அவனை நினைத்துக்கொள்வேன்.

அந்த வருணன் ஒருமுறை கூப்பிட்டும் வராமல் இருந்தான். அந்த இடம் உங்கள் கடையிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது. திருப்புல்லாணியில் ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்துக் கடலரசனிடம் வழி கேட்டார். வால்மீகியில் மூன்று இரவு, கம்பனில் ஏழு நாள். பதில் இல்லை. வில்லை எடுத்த பிறகுதான் வந்தான். கோயிலில் படுத்திருக்கும் ராமரைப் பார்க்கிறபோதெல்லாம் அந்த ஏழு நாளைத்தான் நினைப்பேன். தெய்வமே கூப்பிட்டும் தெய்வம் பேசாத நாட்கள்.

இனி உங்கள் மேசைக்கு வருகிறேன். முதலில் பெயரை மாற்றுங்கள். ஏதெரியஸ் என்று எந்த மீனவரும் அவசரத்தில் கூப்பிட மாட்டார். நம் பக்கம் ஈசானி மூலையில் மின்னினால் மழை என்பார்கள். உங்கள் உலகத்து மக்களும் அவர் வருகிற திசையை வைத்தே கூப்பிடட்டும். 'மூலைக்காரர்' என்று வைத்துக்கொள்ளுங்களேன், காவக்காரர் மாதிரி. கோயிலுக்குக் கூரை வேண்டாம். உறையூர் வெக்காளியம்மன் கருவறைக்குக் கூரை இல்லை, தெரியுமா? ஊரை மண்மாரி மூடி சனங்கள் வீடிழந்தபோது, எல்லோருக்கும் கூரை கிடைக்கும்வரை எனக்கும் வேண்டாம் என்று அம்மன் வெட்டவெளியில் இருந்துவிட்டாள் என்பது கதை. ஒரு தெய்வம் நல்லது என்று காட்ட அந்த ஒரு சங்கல்பம் போதும். பொன்னிறச் சிறகெல்லாம் வேண்டியதில்லை.

அடுத்தது அவருடைய கொடை. மழைப்பருவம் தொடங்கும்போது மேசை நடுவில் ஒரு தட்டில் ஒன்பது புளியங்கொட்டை வையுங்கள். அந்த வருடத்து மேகம் அவ்வளவுதான். உங்கள் கிளரிக், அதாவது ஆட்டத்தின் பூசாரி, கும்பிட்டு எதைக் கேட்டாலும் மூலைக்காரர் மறுக்கக் கூடாது. காயம் ஆற வேண்டுமா, ஆறும். எதிரிக் கப்பல் திசைமாற வேண்டுமா, மாறும். ஒவ்வொன்றுக்கும் தட்டிலிருந்து ஒரு கொட்டை போகும். பருவம் முடிகிறபோது மிச்சம் இருக்கிற கொட்டைதான் கண்மாய்க்கு மழை. ஆறும் அதற்கு மேலும் இருந்தால் கண்மாய் பெருகி மறுகால் பாயும். நான்கோ ஐந்தோ என்றால் ஒருபோகம் தேறும். மூன்றும் அதற்குக் கீழும் போய்விட்டால் ஊர் பிழைப்புத் தேடிக் கிளம்பும். அதற்கடுத்த ஞாயிறு உங்கள் ஆட்கள் வழக்கமாகத் தங்குகிற சத்திரம் பூட்டிக் கிடக்கட்டும். சத்திரக்காரரின் மகள் எங்கே என்று அவர்களே விசாரித்து அலையட்டும்.

சின்னக் காயத்துக்கெல்லாம் கும்பிடுவது இரண்டு வாரத்தில் நின்றுவிடும். உங்கள் நண்பர்கள் தட்டைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் எதுவும் பேசாதீர்கள்.

கேட்காமலே கொடுக்கிற ஒன்றும் அவரிடம் இருக்க வேண்டும். அதற்கு நம் கரையிலேயே இருக்கிறது. ராத்திரியில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும். பகலில் நிலம் சூடேறியதும் திரும்பிக் கடலிலிருந்து கரைக்கு வீசும். எஞ்சின் இல்லாத காலத்தில் விடியலுக்கு முன் பாய் விரித்தவர்களைக் கரைக்காற்று உள்ளே கொண்டுபோய் விட்டது, மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வீட்டுக்குக் கூட்டி வந்தது. இதற்கு யாரும் நேர்ந்துகொண்டதாக நான் கேட்டதில்லை. மூலைக்காரரின் அன்பு என்ன என்று ஆட்டத்தில் யாராவது கேட்டால், ஒரு கிழவர் பாயை விரித்துக்கொண்டே இந்தக் காற்றைக் காட்டட்டும். இதற்குப் புளியங்கொட்டை கிடையாது.

இப்போது புயல். கடலின் மேல்மட்டம் 26 டிகிரிக்கு மேல் சூடாகி, ஈரக்காற்று மேலே ஏறிக் குளிர்ந்து மேகமாகும்போது உள்ளே இருந்த வெப்பம் வெளிவருகிறது. அந்த வெப்பம் இன்னும் காற்றை மேலே இழுக்கிறது, பூமியின் சுழற்சி அதைச் சுற்றிவிடுகிறது. பாதி கடல், பாதி வானம். உங்கள் உலகத்தில் புயலை மூலைக்காரருக்கும் கடலுக்கும் பிறந்த பிள்ளையாக வையுங்கள். அவரால் அதைக் கொல்ல முடியாது. அதற்கு முன்னால் ஓடிவந்து கத்தத்தான் முடியும். தட்டான் தாழப் பறப்பது, அந்திவானம் ஒருமாதிரி செம்பு நிறமாவது, காற்று சட்டென்று நின்றுபோவது எல்லாம் அவர் கத்துகிற கத்தல். அவருடைய பூசாரிகளுக்கு வேலை அதைப் படிப்பது.

படித்துவிட்டு என்ன செய்வார்கள்? பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகள், 1 முதல் 11 வரை. மூலைக்காரரின் கோயில் என்பது கரையில் நிற்கிற ஒரு கம்பமும் கயிறும்தான் என்று வைத்துவிடுங்கள். 10ஆம் எண் வரைக்கும் புயலின் நெருக்கத்தையும் வலுவையும் சொல்கிறவை. 11 அப்படி இல்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகும் என்று இங்கிருக்கிற அதிகாரி கருதுகிறார் என்று அர்த்தம். மேலிருந்து செய்தி வராத நேரத்தில், கரையில் நிற்கிறவர் தன் பொறுப்பில் ஏற்றுகிற கூண்டு அது. முதன்முதலாக இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்குத் திருப்புல்லாணிதான் ஞாபகம் வந்தது.

உங்கள் நண்பரின் கேள்விக்கு வந்துவிட்டேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி கடல் தனுஷ்கோடிக்குள் ஏறியது, பாம்பனிலிருந்து கிளம்பிய ரயில் பயணிகளோடு போனது. அந்த ராத்திரிக்கு நாம் உண்டாக்குகிற ஒரு தெய்வத்தை வைத்துப் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் அவருடைய அப்பத்தாவுக்கு அது ஆறுதலாக இருக்காது. ஆட்டத்துக்கு முன்னால் அவரைத் தனியாகப் பாருங்கள். டீ வாங்கிக் கொடுத்து, புயல் ஆட்டத்தில் இருக்கலாமா வேண்டாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்த ஊரையே விட்டுவிடுங்கள், மிளகாய்க் களத்தையும் உப்பளத்தையும் வைத்தே ஒரு வருடம் ஆடலாம்.

இருக்கட்டும் என்றால், அந்தத் துறைமுக ஊருக்கே திரும்பிப் போங்கள். புயலுக்கு முந்தின சாயங்காலத்திலிருந்து தொடங்குங்கள். பூசாரி கும்பிடுகிறார், மூலைக்காரர் பேசவில்லை. தட்டில் கொட்டை இருக்கிறது, ஆனால் நகரவில்லை. ஏன் என்று நீங்கள் சொல்லாதீர்கள், உங்களுக்கே தெரிய வேண்டாம். கம்பத்தில் 1 முதல் 10 வரை எந்தக் கூண்டும் ஏறாமல் கிடக்கிறது. 11ஆவதன் கயிறு உங்கள் நண்பருடைய பாத்திரத்தின் கைக்கு எட்டுகிற இடத்தில் தொங்கட்டும். கரையில் நூறு வீடு, எல்லோரும் தூங்கப் போகிற நேரம். பகடையை அவர் எடுக்கும்வரை காத்திருங்கள்.

புளியங்கொட்டை எங்கள் வீட்டில் நிறைய இருக்கிறது. முகவரி அனுப்பினால் ஒன்பது எடுத்துத் தபாலில் போடுகிறேன். ஆட்டம் எப்படிப் போனது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா