ஐயரம்மா பதில்கள்: ஜெப நேரத்துல காலிங் பெல் அடிச்சா?

புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, ஐயரம்மான்னா சபைப் போதகரோட மனைவி. போன இதழ்ல "வாசல்ல வந்து நிக்கிறவங்கதான் நமக்கு மொத ஊழியம்"னு ஒரு வரி எழுதிட்டேன், அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு நினைக்கல. சில பேர் கோபமாவே எழுதியிருக்கீங்க. கோபமும் நல்லதுதான், படிச்சிருக்கீங்கன்னு தெரியுதுல்ல. இந்த தடவை அந்த விஷயத்துக்கு மட்டும் பதில் போடுறேன், மாமியார் மருமகள் கேள்வியெல்லாம் அடுத்த மாசம்.

ஐயரம்மா, ஸ்தோத்திரம். பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போனதும் 10 மணிக்கு வேதம் வாசிச்சு ஜெபிக்க உக்காருவேன். கரெக்டா அந்த நேரத்துக்குத்தான் கேஸ் சிலிண்டர் வரும், கீரைக்காரம்மா வருவாங்க, எதிர்வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வருவாங்க. எரிச்சலா வருது. இது பிசாசோட தந்திரம்தானே?
வாசகி, பாளையங்கோட்டை

கீரைக்காரம்மாவைப் பிசாசுன்னு சொல்லிராதீங்க பிள்ளை, பாவம் அவங்க வெயில்ல வர்றாங்க.

நானும் உங்களை மாதிரி எரிஞ்சு விழுந்தவதான், அதனால தைரியமா சொல்றேன். பத்து பன்னெண்டு வருஷம் முந்தி நாங்க ஒரு கிராமத்து சேகரத்துல, அதாவது கிராமத்து சபை வட்டாரத்துல, இருந்தோம், அன்னைக்கு ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துல நான்தான் செய்தி (பிரசங்கம்) கொடுக்கணும், சேலையைக் கட்டி பைபிளை எடுத்துட்டு கிளம்பிட்டேன், குருமனை (போதகர் வீடு) படியில கீரைக்காரம்மா உக்காந்திருக்காங்க, கூடையை இறக்கல, கையில ஒரு பேப்பர். "ஐயரம்மா இதை மட்டும் வாசிச்சு சொல்லிட்டுப் போங்க"ங்கிறாங்க. குழுக் கடன் நோட்டீஸ். வீட்டை எழுதி வாங்கிருவாங்கன்னு யாரோ பயமுறுத்தி விட்டிருக்காங்க, ராத்திரி பூரா தூங்கலையாம். நான் நின்னுக்கிட்டே படபடன்னு வாசிச்சேன், அவங்களுக்குப் புரியல, திரும்ப வாசிச்சேன், அப்புறம் வேற வழியில்லாம உக்காந்து ரெண்டு தவணை பாக்கி எவ்வளவு, எப்போ கட்டணும், வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். முக்கால் மணி நேரம் போச்சு. ஜெபக்கூட்டத்துல வேற யாரோ செய்தி கொடுத்துட்டாங்க, நல்லாவே கொடுத்தாங்களாம்.

அன்னைக்கு நான் ஏசுவைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, பேசத் தோணவும் இல்ல. ஒரு அஞ்சாறு மாசம் கழிச்சு அவங்களாத்தான் கேட்டாங்க, "சாயங்காலம் நீங்க வீட்டுல உக்காந்து பாடுதீயளே, அது யாருக்கும்மா பாடுதீய?"ன்னு. அப்பத்தான் சொன்னேன், அதுவும் கீரை ஆய்ஞ்சுக்கிட்டே. அவங்க ஒண்ணும் ஞானஸ்நானம் எடுக்கல, கோவில் கொடைத் திருவிழாவுக்கு முதல் ஆளாப் போவாங்க. ஆனா பேரனுக்குப் பரீட்சைன்னா ஜெபம் பண்ணச் சொல்லி முதல் போன் எனக்குத்தான், நாங்க மாறி வந்த பிறகும்.

மாற்கு 5ஆம் அதிகாரம் எடுத்துப் பாருங்க. ஜெப ஆலயத் தலைவர் யவீருவோட மகள் சாகக் கிடக்கா, அவசரமா போய்க்கிட்டிருக்காரு ஆண்டவர், ஆம்புலன்ஸ் வேகத்துல போக வேண்டிய விஷயம். நடுவுல 12 வருஷமா பெரும்பாடு (நிக்காத ரத்தப்போக்கு) உள்ள ஒரு அம்மா பின்னால வந்து துணியைத் தொடுறாங்க. சுகமும் ஆயிருச்சு, அப்படியே போயிருக்கலாம். நின்னு, யாரு தொட்டதுன்னு கேட்டு, அந்த அம்மா நடுங்கிக்கிட்டே வந்து நடந்ததெல்லாம் சொல்ற வரைக்கும் கேக்குறாரு. அந்த யவீருவை நினைச்சுப் பாருங்க, எப்படித் துடிச்சிருப்பாரு. அந்த கேப்புலதான் மகள் இறந்துட்டான்னு ஆள் வருது. நாம இதை வாசிக்கும்போது ரெண்டு அற்புதம்னு எண்ணிட்டுப் போயிருவோம், எனக்கு அந்த நின்ன நேரம்தான் பெருசாத் தெரியுது. வேடிக்கை என்னன்னா அந்தப் பொண்ணுக்கும் வயசு 12. இவ பிறந்த வருஷத்துல இருந்து அந்த அம்மா கஷ்டப்பட்டிருக்காங்க, இவங்களும் வரிசையில காத்திருந்தவங்கதான், இடையில புகுந்தவங்க கிடையாது.

உங்க ஜெபத்தை விடச் சொல்லல. 10 மணிக்கு ஒத்து வரலைன்னா 5 மணிக்கு எந்திரிங்க, இல்லன்னா மதியம் 2 மணிக்கு உக்காருங்க, 10 மணின்னு வேதத்துல எழுதியிருக்கா என்ன? சிலிண்டர் தம்பிக்கு ஒரு சொம்பு தண்ணி கொடுங்க, மூணு மாடி தூக்கிட்டு வர்றான்.

வணக்கம்மா. நான் சென்னை ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனில வேலை பாக்குறேன். அப்பா தவறி ஒரு மாசம்தான் ஆச்சு. டீ குடிக்கப் போனப்ப டீம்ல ஒருத்தன் "உன்னால எப்படிடா இவ்வளவு நிதானமா இருக்க முடியுது"ன்னு கேட்டான். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, "பழகிருச்சு மச்சி"ன்னு சொல்லிட்டு பேச்சை மாத்திட்டேன். அதுல இருந்து குற்ற உணர்ச்சியா இருக்கு. எங்க சபையில வேற டிரெயின்ல சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கணும்ங்கிறாங்க, அது எனக்கு சுத்தமா வராது.
வாசகர், சென்னை

தம்பி, முதல்ல அப்பா விஷயத்துக்கு வருத்தம். ஒரு மாசம்ங்கிறது ஒண்ணுமே இல்ல, நிதானமா இருக்கிற மாதிரி வெளிய தெரியும், உள்ள எப்படின்னு உங்களுக்குத்தான் தெரியும்.

கைப்பிரதி வராதுன்னா விடுங்க. கொடுக்கிறவங்களை நான் குறை சொல்லல, ஒரு துண்டுப் பேப்பரால மனசு மாறினவங்க நம்ம சபையிலயே இருக்காங்க. ஆனா முகத்தைக் கூடப் பாக்காம கையில திணிச்சுட்டு அடுத்த ஆளுக்குப் போறது எனக்கு என்னவோ நோட்டீஸ் விநியோகம் மாதிரித்தான் இருக்கு. 1 பேதுரு 3:15ஐ எல்லாரும் மனப்பாடமாச் சொல்லுவோம், அதுல "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்"னு இருக்கிறதைக் கவனிக்க மாட்டோம். கேக்குறவங்களுக்கு. அதுவும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்". உங்க ஃப்ரெண்டு கேட்டுட்டான்ல, அதுக்காகத்தான் நாங்கல்லாம் வருஷக் கணக்குல காத்திருக்கோம், உங்களுக்கு டீக்கடையிலயே கிடைச்சிருக்கு.

இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. அடுத்த தடவை டீக்குப் போகும்போது "அன்னைக்குக் கேட்டல்ல, நான் சரியா பதில் சொல்லல"ன்னு ஆரம்பிங்க. பிரசங்கம் வேண்டாம். ராத்திரி அழுதா அழுதேன்னு சொல்லுங்க, சங்கீதம் வாசிச்சா வாசிச்சேன்னு சொல்லுங்க, கடவுள் மேல கோபம் வந்துச்சுன்னா அதையும் சொல்லுங்க. நிதானமா இருந்தேன்னு பொய் சொல்லி சாட்சி கொடுக்கிறதுல அர்த்தம் இல்ல. அவன் பேச்சை மாத்தினா நீங்களும் மாத்திருங்க, கிரிக்கெட் பேசுங்க.

இன்னொரு விஷயம், ஆபீஸ்ங்கிறதால சொல்றேன். மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் அரசியல் சாசனம் 25ஆவது பிரிவு உரிமை கொடுக்குது, ஆனா அது ஒருத்தரை மதம் மாத்துற உரிமை இல்லைன்னு 1977லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. சட்டம் இருக்கட்டும், மரியாதைன்னு ஒண்ணு இருக்கு. நாளைக்கே நீங்க டீம் லீட் ஆனா உங்களுக்குக் கீழ வேலை பாக்குறவங்ககிட்ட நீங்களா போய் இதைப் பேசாதீங்க, அவங்களால வேண்டாம்னு சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில பக்கத்து பெட்ல இருக்கிறவங்களுக்கு சுவிசேஷம் சொல்லலாமா?
வாசகி, மதுரை

ஃபிளாஸ்க்ல வெந்நி இருந்தா கொடுங்க. அவங்க கூட ஆள் இல்லைன்னா மாத்திரை வாங்கப் போகும்போது அவங்க சீட்டையும் சேர்த்து வாங்கிட்டுப் போங்க. வலியில படுத்திருக்கிறவங்களால எந்திரிச்சுப் போக முடியாது, அந்த நேரத்துல பேசக் கூடாது. ஜெபம் பண்ணுங்கன்னு அவங்களே கேட்டா சத்தமில்லாம ரெண்டு நிமிஷம்.

சண்டே ஸ்கூல் பிள்ளைங்களுக்கு இந்தத் தலைப்புல ஒரு கதை சொல்லணும். வேதத்துல இருந்து இல்லாம, நம்ம ஊர்ல நடந்த உண்மைக் கதையா வேணும் அம்மா.
ஆசிரியை, திண்டிவனம்

திண்டிவனத்துல இருந்துகிட்டே கேக்குறீங்களே! கதை உங்க ஊர்லதான் நடந்துச்சு.

ஐடா ஸ்கடர் அம்மா 1870ல ராணிப்பேட்டையில பிறந்தவங்க, அப்பா மிஷனெரி டாக்டர். அமெரிக்கா போய்ப் படிச்சாங்க, இந்தியாவும் வேண்டாம் மிஷனெரி வேலையும் வேண்டாம்னு இருந்தாங்க. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு திண்டிவனம் வந்தாங்க, கொஞ்ச நாள் இருந்துட்டுத் திரும்பிரணும்னு பிளான். ஒரு நாள் ராத்திரி கதவைத் தட்டுறாங்க, ஒரு பிராமணர், மனைவிக்குப் பிரசவம் சிக்கலாயிருச்சு, நீங்க வாங்கன்னு. நான் டாக்டர் இல்ல, எங்கப்பாதான் டாக்டர்ங்கிறாங்க. ஆம்பளை டாக்டர் வரக் கூடாதுன்னு அவர் போயிட்டாரு. அடுத்து ஒரு முஸ்லிம், அதுக்கப்புறம் இன்னொரு இந்து, மூணு பேருக்கும் அதே வேண்டுதல், அதே பதில். காலையில பாத்தா மூணு பொண்ணுங்களும் இறந்துட்டாங்க. அமெரிக்கா திரும்பிப் போய் மருத்துவம் படிச்சு 1899ல டாக்டர் ஆகி, 1900ல வேலூர்ல ஒத்தைக் கட்டிலோட ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு சிஎம்சி ஆஸ்பத்திரி. 1918ல பொண்ணுங்களுக்கு மருத்துவப் பள்ளியும் ஆரம்பிச்சாங்க.

இதைச் சொல்லும்போது பிள்ளைங்ககிட்ட ஒண்ணை மறைக்காதீங்க. அந்த ராத்திரி அவங்களால ஒண்ணுமே செய்ய முடியல, யாரையும் காப்பாத்தல. நாம கதை சொல்லும்போது சிஎம்சிக்கு ஓடிருவோம், அந்த மூணு பேரை மறந்துருவோம்.

எங்க திருநெல்வேலிப் பக்கத்துக் கதை வேணும்னா டோனாவூர் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மா. மாட்டு வண்டியில ஊர் ஊராப் போய்ப் பேசிக்கிட்டிருந்தவங்க. 1901ல கோவில் சேவைக்குன்னு விட்டிருந்த ஒரு ஏழு வயசுப் பொண்ணு தப்பிச்சு வந்து அவங்ககிட்ட சேர்ந்துச்சு, அப்புறம் ஒவ்வொண்ணா பிள்ளைங்க வர வர வண்டிப் பயணம் குறைஞ்சு போச்சு, பிரசங்கம் பண்ணினவங்க பால் புகட்டுறதும் தொட்டில் ஆட்டுறதுமா ஆயிட்டாங்க. 1951ல சாகுற வரைக்கும் அங்கதான்.

புதுசா அப்பார்ட்மென்ட் வந்திருக்கோம். லிஃப்ட்ல பாத்தா கூட யாரும் சிரிக்க மாட்டேங்குறாங்க. கிறிஸ்மஸுக்கு எல்லா வீட்டுக்கும் கேக் கொடுத்தேன், வாங்கிட்டு கதவைச் சாத்திட்டாங்க. இவங்களுக்கு எப்படி சாட்சியா இருக்கிறது?
வாசகி, கோயம்புத்தூர்

கொடுத்தது போதும், போய்க் கேளுங்க. உறைமோர் இல்லைன்னு ஒரு கிண்ணத்தை எடுத்துட்டுப் போய் நில்லுங்க. ஏணி கேளுங்க, நல்ல டெய்லர் யாருன்னு கேளுங்க.

நம்ம கிறிஸ்தவங்களுக்கு இது ஒரு வியாதி, எப்பவும் கொடுக்கிற இடத்துலயே நிக்கணும். சமாரியா கிணத்தடியில தண்ணி எடுக்க வந்த அம்மாகிட்ட ஆண்டவர் முதல்ல சொன்னது "தாகத்துக்குத் தா". ஜீவத்தண்ணியெல்லாம் அப்புறம்தான். யூதங்க சமாரியர் கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க, நம்ம ஊர் டீக்கடையில ரெட்டை டம்ளர் வச்சிருந்தாங்களே அதே கதைதான், அங்க போய் உன் குடத்துத் தண்ணியைக் கொடுன்னு கேக்குறாரு. அந்த அம்மாவுக்கே ஆச்சரியம், நீர் எப்படி என்கிட்ட கேக்கலாம்னு. பேச்சு அதுல இருந்துதான் ஓடுது. (நம்ம சபைகளுக்குள்ளயே அந்த டம்ளர் புத்தி இன்னும் போகலைங்கிறது எனக்கும் தெரியும், அதுக்கு ஒரு இதழ் பத்தாது.)

உறைமோர் கொடுத்தவங்களுக்கு உங்க வீட்டுக்கு வர ஒரு உரிமை வந்துரும். கிண்ணத்தை மட்டும் காலியாத் திருப்பிக் கொடுக்காதீங்க.

நான் ஸ்டாஃப் நர்ஸ். நைட் டூட்டி முடிச்சு வந்து படுத்தா தெருவுல உள்ளவங்க பிபி பாக்க, ஊசி போட, சீட்டு காட்டன்னு வந்துக்கிட்டே இருக்காங்க. பாஸ்டர்கிட்ட சொன்னா எல்லாம் ஊழிய வாய்ப்புங்கிறார். எனக்கு அழுகையா வருது.
பெயர் வேண்டாம், நாகர்கோவில்

கதவைப் பூட்டிட்டுத் தூங்குங்க மக்கா. இவ்வளவு நேரம் நில்லு நில்லுன்னு எழுதிட்டு இப்படிச் சொல்றேனேன்னு பாக்காதீங்க, மாற்கு 1ஆம் அதிகாரத்துலயே இருக்கு. கப்பர்நகூம்ல சாயங்காலம் ஊரே வாசல்ல வந்து நின்னுச்சு, சுகமாக்குனாரு. மறுநாள் இருட்டோட எந்திரிச்சு யாருமில்லாத இடத்துக்குப் போயிட்டாரு. சீஷன் சீமோன் தேடிப் பிடிச்சு எல்லாரும் உம்மைத் தேடுறாங்கன்னா, வாங்க அடுத்த ஊருக்குப் போவோம்ங்கிறாரு. தேடி வந்த கூட்டத்துகிட்ட அன்னைக்கு அவர் திரும்பிப் போகல.

சாயங்காலம் 5ல இருந்து 6 வரைக்கும்தான் பிபி பாப்பேன்னு கேட்ல ஒரு அட்டை தொங்க விடுங்க. தூக்கமில்லாத நர்ஸ் வார்டுல தப்பு மருந்து கொடுத்தா அதுக்கு உங்க பாஸ்டர் பதில் சொல்ல மாட்டாரு.

நான் கிறிஸ்தவர் இல்லை, எதிர்வீட்டுல இந்த இதழ் வாங்குறாங்க, நானும் படிப்பேன். அவங்க நல்லவங்கதான், ஆனா நான் எதைச் சொன்னாலும் கடைசியில அங்கதான் வந்து முடிப்பாங்க. எங்கம்மாவுக்கு கேன்சர்னு சொல்லி அழுதப்ப கூட சர்ச்சுக்குக் கூட்டிட்டு வா சரியாயிரும்னாங்க. அம்மா இப்போ இல்லை. அவங்ககிட்ட பழையபடி பேச முடியல.
வாசகி, திருச்சி

அம்மா, எங்க ஆளுங்க சார்புல மன்னிச்சுக்கோங்க. அன்னைக்கு நீங்க அழுததுக்கு அவங்களும் உங்க கூட உக்காந்து அழுதிருக்கணும். சரியாயிரும்னு சொல்ற அதிகாரம் அவங்களுக்கு யாரும் கொடுக்கல. வேதத்துல எல்லாத்தையும் இழந்த யோபுங்கிறவரோட கதையில கூட்டாளிங்க வந்து ஏழு நாள் வாயே திறக்காம தரையில உக்காந்திருந்தாங்க, அது வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டுச்சு.

உங்களுக்கு மனசு வந்தா மட்டும் ஒரு நாள் நேராவே சொல்லிருங்க, "அக்கா நீங்க அன்னைக்குச் சொன்னது எனக்கு வலிச்சது, உங்ககிட்ட அம்மாவைப் பத்தி மட்டும் பேசணும்"னு. அவங்க நல்லவங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அனேகமா அவங்களுக்கு இது தெரியவே தெரியாது. சொல்லக் கூச்சமா இருந்தா இந்தப் பக்கத்தை அவங்க பாக்குற மாதிரி மடிச்சு வச்சுட்டுத் திருப்பிக் கொடுங்க. கோபம் வந்தா எனக்கு எழுதட்டும், நான் பேசிக்கிறேன்.