ஜூலன் கோஸ்வாமி: கேட்டீர்கள், சொல்கிறேன்

இந்திய மகளிர் கிரிக்கெட் அணியின் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் ஜூலனைப் பற்றி எதையோ எழுதப்போய், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எண்களில் யாராவது தப்பு கண்டுபிடித்தால் தாராளமாகத் திட்டலாம்.

சக்தாஹாவிலிருந்து கொல்கத்தாவுக்கு ரயிலில் போய்ப் பயிற்சி எடுத்தார் என்கிறார்களே, நிஜமா அண்ணா?

நிஜம்தான். மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்தில் இருக்கிறது சக்தாஹா. கொல்கத்தாவின் விவேகானந்தா பார்க்கில் ஸ்வபன் சாது என்ற பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்ள, விடியுமுன் எழுந்து ரயில் பிடிப்பார். ஒரு வழி மட்டும் சுமார் 80 கிலோமீட்டர். பள்ளிக்கூடமும் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்த கதை 1997 டிசம்பர் 29. ஈடன் கார்டனில் மகளிர் உலகக்கோப்பை இறுதிப் போட்டி, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். எல்லைக்கோட்டில் பந்து பொறுக்கிப் போட்ட சிறுமிகளில் ஜூலனும் ஒருத்தி, வயது 15. பெலிண்டா கிளார்க் கோப்பையோடு மைதானத்தைச் சுற்றி வந்ததைப் பார்த்துத்தான் ‘இதுதான் என் வேலை’ என்று முடிவு செய்தாராம். நாலே வருடத்தில், 2002 ஜனவரி 6 அன்று இங்கிலாந்துக்கு எதிராக முதல் சர்வதேசப் போட்டி. ஊர் எது தெரியுமா? நம்ம சென்னை.

20 வருடம் ஆடியவர் 12 டெஸ்ட்தான் ஆடியிருக்கிறார். காயமா, ஃபார்ம் இல்லையா?

இரண்டும் இல்லை. ஆட்டமே வைக்கவில்லை! 2006 முடிவதற்குள் 8 டெஸ்ட் ஆடிவிட்டார். அதில் கடைசி, இங்கிலாந்தின் டான்டனில். இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து, மொத்தம் 78 ரன்னுக்கு 10 விக்கெட். இங்கிலாந்து மண்ணில் நம் பெண்கள் வென்ற முதல் டெஸ்ட் தொடர் அது. வேகப்பந்து வீச்சாளருக்கு 23 வயது, உச்சத்தில் இருக்கிறார். அடுத்த டெஸ்ட் எப்போது? 2014-ல். அந்த ஆண்டு இரண்டு ஆடினார்கள், பிறகு மறுபடி 2021 வரை ஒன்றுகூட இல்லை.

அவருடைய டெஸ்ட் சராசரி 17.36, அதாவது ஒரு விக்கெட்டுக்கு அவ்வளவு ரன்தான் கொடுத்தார். 44 விக்கெட்டோடு நின்றதற்கு அவர் காரணமில்லை. ‘பெண்கள் கிரிக்கெட்டில் பெரிய சாதனைகளே இல்லையே’ என்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

உண்மையில் எவ்வளவு வேகம்? பும்ரா மாதிரியா?

ஒப்பிடாதீர்கள் தம்பி. நல்ல நாளில் மணிக்கு 120 கிலோமீட்டரை ஒட்டி வரும். பெண்கள் ஆட்டத்தில் அது வேகம்தான். ஆனால் அவர் பிழைத்தது வேகத்தால் மட்டும் இல்லை. நல்ல உயரம், காது உரசுகிற மாதிரி கை நேரே மேலே வரும், அதனால் நல்ல நீளத்தில் விழுகிற பந்துகூட எகிறும். வலக்கை பேட்டருக்கு உள்ளே வருவதுதான் அவர் கைப்பழக்கம்.

2017 உலகக்கோப்பை அரையிறுதி, இங்கிலாந்தின் டெர்பி. எல்லோருக்கும் ஹர்மன்ப்ரீத்தின் 171 நாட் அவுட்தான் நினைவிருக்கும். ஆஸ்திரேலியா துரத்தும்போது மெக் லானிங் இறங்குகிறார், அப்போது உலகின் நம்பர் ஒன் வரிசையில் இருந்தவர். உள்ளே வரும் என்று நினைத்து மட்டையை நீட்டுகிறார். பந்து விழுந்து கொஞ்சம் நேராகி, மட்டையின் ஓரத்தைக்கூடத் தொடாமல் ஆஃப் ஸ்டம்பைச் சாய்க்கிறது. ரன் எடுக்காமலே வெளியே. அந்தக் காணொளியில் மணிக்கட்டை மட்டும் பாருங்கள்.

அந்த உலகக்கோப்பை இறுதிப் போட்டியில் தோற்றோமே சார், அதில் என்ன செய்தார்?

10 ஓவர், 23 ரன், 3 விக்கெட். சாரா டெய்லரும் நாட் சிவரும் செட்டாகி, இங்கிலாந்து 146-க்கு 3. டெய்லர் லெக் பக்கம் தொட்டு, கீப்பர் சுஷ்மா வர்மாவிடம் கேட்ச். அடுத்த பந்திலேயே ஃப்ரான் வில்சன் எல்.பி.டபிள்யூ. கொஞ்ச நேரத்தில் சிவரும் அதே மாதிரி. 228-க்கு மேல் அவர்களைப் போகவிடாத ஸ்பெல் அது. நாம் 191-க்கு 3 என்று இருந்து 219-க்குச் சுருண்டோம், 9 ரன்னில் போச்சு. அன்றைய தலைப்புச் செய்தியை 6 விக்கெட் எடுத்த இங்கிலாந்தின் ஷ்ரப்சோல் கொண்டுபோய்விட்டார்.

மக்காய் நோ-பால் பற்றிச் சொல்லவே மாட்டீர்களா?

சொல்கிறேன், ஏன் மறைக்க? 2021 செப்டம்பர் 24, ஆஸ்திரேலியாவின் மக்காய் ஊரில் ஒருநாள் போட்டி. கடைசிப் பந்தில் ஆஸ்திரேலியாவுக்கு 3 ரன் தேவை. ஜூலன் போட்ட ஃபுல் டாஸில் கேட்ச், நம் பெண்கள் துள்ளிக் குதிக்கிறார்கள். நடுவர்கள் பார்த்துவிட்டு, இடுப்புக்கு மேல், நோ-பால் என்கிறார்கள். திரும்பப் போட்ட பந்தில் ஆட்டம் கைவிட்டுப் போனது. பனியில் நனைந்த பந்து, வழுக்கும்தான். ஆனாலும் நோ-பால் நோ-பால்தான்.

ஒரு நாள் விட்டு அடுத்த ஆட்டம், அதே மைதானம். 37 ரன்னுக்கு 3 விக்கெட். துரத்தலின் கடைசி ஓவரில் வெற்றி பவுண்டரியும் அவர் மட்டையிலிருந்தே. ஆஸ்திரேலியா தொடர்ந்து 26 ஒருநாள் போட்டிகளில் வென்றுவந்த வரிசை அங்கே அறுந்தது. ஆட்ட நாயகியும் அவரே. 38 வயதில்!

ஜூலனின் கடைசி ஆட்டத்தில் தீப்தியின் ரன் அவுட்தானே பேச்சாக இருந்தது?

ஆமாம், எனக்கும் அந்த வருத்தம் உண்டு. பந்து போடுமுன் கோட்டைவிட்டு நகர்ந்த எதிர்முனை பேட்டரைத் தீப்தி ரன் அவுட் செய்தது விதிப்படி சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 2022 செப்டம்பர் 24 (மக்காய் நோ-பாலுக்குச் சரியாக ஒரு வருடம்) லார்ட்ஸில் ஹர்மன்ப்ரீத் டாஸ் போட ஜூலனையும் அழைத்துப்போனதும், பேட்டிங்குக்கு வந்தபோது இங்கிலாந்துப் பெண்கள் இருபுறமும் நின்று கைதட்டியதும் ஓரமாகப் போய்விட்டன. கைதட்டல் ஓய்வதற்குள் முதல் பந்திலேயே போல்டு, அது வேறு கதை. பந்தில் 30-க்கு 2 எடுத்தார்.

சம்பாதித்தாரா?

ஆண்களோடு ஒப்பிட்டால் சொற்பம். கிரிக்கெட் வாரியத்தின் மத்திய ஒப்பந்தம், அதாவது ஆண்டுச் சம்பளம், பெண்களுக்கு வந்ததே 2015-ல். ஆண்களுக்கு இணையான ஆட்டக் கட்டணம், அதாவது டெஸ்ட்டுக்கு 15 லட்சம், ஒருநாளுக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம் என்று அறிவித்தது 2022 அக்டோபரில். அவர் ஓய்வு பெற்று அப்போதுதான் ஒரு மாதம் ஓடியிருந்தது! 2023-ல் மகளிர் பிரீமியர் லீக் தொடங்கியபோது மும்பை அணிக்கு வழிகாட்டியாகவும் பந்துவீச்சுப் பயிற்சியாளராகவும் போனார்.

உலகக்கோப்பையில் அதிக விக்கெட் இன்னும் அவர்தானே?

இல்லை. அவர் 43, 2025 அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவின் மரிஸான் கேப் 44-க்குப் போய்விட்டார். ஆனால் ஒருநாள் போட்டிகளில் மொத்தமாக அதிக விக்கெட் என்ற சாதனை, 255, அவருடையதுதான். அடுத்த இடத்திலிருந்த தென்னாப்பிரிக்காவின் ஷப்னிம் இஸ்மாயில் 191-ல் ஓய்வு பெற்றார்.

ஜூலன் அக்கா உலகக்கோப்பையைத் தொடாமலே போய்விட்டாரே என்று என் மகள் அழுதாள்...

2005-லும் 2017-லும் இறுதியில் தோற்றார், ஆடியபோது கிடைக்கவில்லை. ஆனால் 2025 நவம்பர் 2 இரவு நவி மும்பையில், தென்னாப்பிரிக்காவை வென்றபின் நம் பெண்கள் கோப்பையை எடுத்துப்போய் ஜூலன் கையில் கொடுத்தார்கள். ஹர்மன்ப்ரீத்தைக் கட்டிக்கொண்டு அவரும் தேம்பித் தேம்பி அழுதார். உங்கள் மகளுக்கு அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள்.