லே பயணத்துக்கு மே மாதம் ஏற்றதா?

கேள்வி: பள்ளி விடுமுறையில், மே முதல் வாரத்தில் மணாலிக்குச் சென்று, அங்கே வாடகைக் கார் அமர்த்திக்கொண்டு, இரண்டு குழந்தைகளுடன் லடாக்கில் உள்ள லே வரை போக எண்ணியிருக்கிறோம். கணவாய்கள் திறந்திருக்குமா? (வாசகி ஒருவர், ஈரோடு)

பதில்: மே முதல் வாரத்தை நம்பி விடுதிகளுக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். 2020-இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை ரோதாங் கணவாயை ஏறாமல் கடக்க உதவுகிறதே தவிர, அதற்கப்பால் 4,900 முதல் 5,300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் பாராலாச்சா, லாச்சுலுங், தங்லங் கணவாய்களை ஏறித்தான் ஆகவேண்டும். எல்லைச் சாலைகள் அமைப்பினர் பனியை வெட்டி வழி திறக்கும் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். திறந்த பின்னரும் சில வாரங்களுக்கு, பகலில் உருகிச் சாலையில் ஓடும் நீர் இரவில் உறைந்து, விடியற்காலையில் சக்கரங்களை வழுக்கிவிடும்.

ஜூன் பிற்பகுதியில் பாதை பெரும்பாலும் சீராகிவிடும். ஜூலை, ஆகஸ்டில் மழைமறைவுப் பகுதியான லடாக்கில் மழை குறைவு என்றாலும், மணாலியை அடையும் குலுப் பள்ளத்தாக்கில் மண்சரிவு அச்சம் உண்டு. எனவே என் தேர்வு செப்டம்பர்தான். மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, பனி உருகிவரும் ஓடைகளும் வடிந்திருக்கும். காலாண்டு விடுமுறை அம்மாத இறுதியில் வருவது உங்களுக்கு வசதி. ஆனால் அக்டோபர் பிறந்துவிட்டால் பாராலாச்சாவில் எந்த நாளும் பனி விழலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மணாலி வழியாக ஏறாதீர்கள். அவ்வழியில் பலர் இரவு தங்கும் சார்ச்சு சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், லேயைவிட 800 மீட்டர் மேலே இருக்கிறது. பழகாத உடலுக்குத் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் அங்கிருந்து விரைவாகக் கீழிறங்கவும் வழியில்லை. ஸ்ரீநகர் 1,600, கார்கில் 2,700, லே 3,500 மீட்டர் என்று படிப்படியாக ஏறும் பாதையே குழந்தைகளுக்கு நல்லது. இடையில் சோஜி கணவாயும் 4,100 மீட்டர் உயரமுள்ள ஃபோட்டு கணவாயும் வந்தாலும், அவற்றைக் கடந்து இறங்கிவிடுவீர்கள், இரவு தங்கப்போவதில்லை. லேயில் இரண்டு நாள் ஓய்வெடுத்த பின்னரே, அதற்கு வடக்கே இன்னும் மிக உயரத்தில் இருக்கும் கார்துங் கணவாய்க்குச் செல்லுங்கள். விடுமுறையில் நாள் மிஞ்சி, பனியும் விழாதிருந்தால், திரும்பும்போது மணாலி வழியாக இறங்கலாம். இல்லையெனில் லேயிலிருந்தே விமானத்தில் ஊர் திரும்புங்கள்.