கருந்தோலில் நோயறியப் பழகுதல்: கேள்வி பதில்

தோல் மருத்துவத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்களுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். கருமையான தோலில் நோய்க்குறிகளை இனங்காணக் கற்பதையும் கற்பிப்பதையும் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். படத்தை அனுப்பி நோயின் பெயரைக் கேட்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (மூன்றாமாண்டு மாணவி): பாடநூலில் ‘தோல் சிவந்திருக்கும்’ என்று உள்ளது. வார்டில் பார்க்கும்போது எனக்குச் சிவப்பே தெரிவதில்லை, டாக்டர். நான் சரியாகப் பார்ப்பதில்லையா?

பதில்: சரியாகத்தான் பார்க்கிறீர்கள். அழற்சியின்போது ரத்தக்குழாய்கள் விரிவது எல்லாத் தோலிலும் நடப்பதுதான். ஆனால் அந்த ரத்தத்தின் நிறம் மேல்தோலிலுள்ள மெலனின் என்னும் கருநிறமியைக் கடந்துதான் நம் கண்ணை எட்ட வேண்டும். மெலனின் கூடக்கூட அது கருஞ்சிவப்பாகவோ, கத்தரிப்பூ நிறமாகவோ, சாம்பல் படிந்த பழுப்பாகவோ, சில வேளைகளில் சுற்றியுள்ள தோலைவிடச் சற்றே கறுத்ததாகவோ மட்டும் தெரியும்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், காய்ச்சலோடு வந்த ஒருவரின் காலைப் பார்த்த பயிற்சி மருத்துவர் ‘சிவப்பு இல்லை’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டார். மறுநாள் காலை இரண்டு கெண்டைக்கால்களிலும் மாறி மாறிப் புறங்கையை வைத்துப் பார்த்தேன். இடது கால் மட்டும் சுட்டது. தோல் இழுத்துப் பிடித்தாற்போல் மினுங்கியது. மயிர்க்கால்கள் ஆரஞ்சுத் தோலின் குழிகளைப் போல் உள்வாங்கியிருந்தன. விரலால் அழுத்தியதும் அவர் முகம் சுளித்தார். செல்லுலைட்டிஸ் என்னும் தோலடிக் கிருமித்தொற்றுதான். சிகிச்சையில்லாமல் ஓர் இரவு வீணாகக் கழிந்திருந்தது. அந்தப் பயிற்சி மருத்துவர் அக்கறையற்றவர் அல்லர். சிவப்பைத் தேடு என்று மட்டுமே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். மறுபக்கத்தோடு ஒப்பிடாமல், தொடாமல், வலிக்கிறதா என்று கேட்காமல் ‘சிவப்பு இல்லை’ என்று எழுதாதீர்கள்.

கேள்வி (செவிலியர் பயிற்றுநர்): படுக்கைப்புண்ணின் முதல் நிலையை ‘அழுத்தினால் வெளுக்காத சிவப்பு’ என்று கற்பிக்கிறோம். கருந்தோலில் இதை எப்படிக் காட்டுவது?

பதில்: கையால் காட்டுங்கள். எலும்பு துருத்தும் இடத்தில் தோல் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ, கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா, நோயாளிக்கு அங்கே வலிக்கிறதா என்று ஒவ்வொரு முறை புரட்டிப் படுக்க வைக்கும்போதும் பார்க்கச் சொல்லுங்கள். நிறம் மாறிக் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்தால் அதற்குள் புண் ஆழமாகிவிடக்கூடும்.

கேள்வி (பயிற்சி மருத்துவர்): ரத்தசோகை, மஞ்சள் காமாலை, ஆக்சிஜன் குறைவு ஆகியவற்றை எங்கே பார்ப்பது?

பதில்: வெளிறலைக் கீழிமையின் உட்புறத்திலும் உள்ளங்கையிலும், மஞ்சளைக் கண்ணின் வெண்படலத்திலும் மேலண்ணத்திலும், நீலத்தை நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் பாருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவி ஆக்சிஜன் அளவை 92 முதல் 96 விழுக்காடு என்று காட்டிய வேளைகளில், தமனி ரத்தத்தில் உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காடாகவும் வெள்ளையரிடம் 3.6 விழுக்காடாகவும் இருந்தது. மூச்சுத் திணறும் நோயாளியிடம் கருவி நல்ல எண்ணைக் காட்டினால், தமனி ரத்தத்தை எடுத்துச் சோதியுங்கள்.

கேள்வி: என் முழங்கையின் படத்தை இணைத்துள்ளேன். இது சொரியாசிஸா?

பதில்: நேரில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (முதுநிலை மாணவர்): ஒவ்வொரு நோயாளிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் தோல் வகை எண்ணை (1 முதல் 6 வரை) குறித்துவிட்டால் இந்தக் குழப்பமெல்லாம் தீர்ந்துவிடாதா?

பதில்: தீராது. தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975இல் அதை வகுத்தது, புற ஊதா ஒளிச்சிகிச்சையில் முதல் அளவை முடிவு செய்வதற்காக. வெயிலில் தோல் எந்த அளவுக்கு எரிகிறது, எந்த அளவுக்குக் கறுக்கிறது என்பதே அதன் அடிப்படை. தொடக்கத்தில் இருந்தவை வெள்ளைத் தோலுக்கான நான்கு வகைகள்தாம்; பழுப்பும் கறுப்பும் 5, 6ஆம் வகைகளாகப் பின்னர் சேர்க்கப்பட்டன. நோயாளியிடம் கேட்டு அறிய வேண்டியதை இன்று மருத்துவர் கண்ணால் பார்த்தே நிரப்பிவிடுகிறார்.

அவரே மீண்டும்: நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை, டாக்டர். அளவுகோலே வேண்டாமென்றால், ஒரு பாடநூலில் கருந்தோல் படங்கள் குறைவு என்பதை எதை வைத்து நிறுவுவது?

பதில்: இது நல்ல கேள்வி, இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. படத் தொகுப்பை எண்ணிப் பார்க்க ஓர் அளவுகோல் கட்டாயம் வேண்டும். சமூகவியலாளர் எல்லிஸ் மாங்க் வகுத்து, 2022இல் கூகுள் வெளியிட்ட பத்து நிற அளவுகோல் அந்த வேலைக்கு ஓரளவு பொருந்தும், ஏனென்றால் அது நிறத்தையே அளக்கிறது. குறிப்பேட்டில் ‘வகை 5’ என்று எழுதியதோடு மாணவர் நிறுத்திக்கொள்வதைத்தான் நான் எதிர்க்கிறேன். வெயில் படாத உள்மேற்கையின் நிறத்தையும் நோயுற்ற இடத்தின் நிறத்தையும் அடுத்தடுத்துச் சொற்களால் எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு வரிகளுக்காக அவர் இரண்டு இடங்களையும் உற்றுப் பார்த்தாக வேண்டும்.

கேள்வி (உதவிப் பேராசிரியர்): அப்படியானால் கருந்தோலுக்கென்று தனி வகுப்பு வைப்பதே நல்லது அல்லவா?

பதில்: வேண்டாம். தனி வகுப்பு வைத்தால் வெள்ளைத் தோல் இயல்பு, மற்றது விதிவிலக்கு என்றே மாணவர் மனத்தில் பதியும். லண்டன் செயின்ட் ஜார்ஜ்ஸ் பல்கலைக்கழக மாணவர் மலோன் முகுவெண்டே 2020இல் தம் ஆசிரியர்களோடு சேர்ந்து உருவாக்கிய கையேட்டில், ஒரே நோய் வெவ்வேறு தோல்களில் தோன்றும் விதம் பக்கத்தில் பக்கத்தில் காட்டப்பட்டது. முதல் நாளிலிருந்து ஒவ்வொரு பாடமும் அப்படித்தான் இருக்க வேண்டும். தேர்விலும் அத்தகைய படங்களை வையுங்கள். தேர்வில் வராததை யாரும் படிப்பதில்லை. படமெடுக்கும்போது கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் கருந்தோலை வெளுக்கச் செய்யும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

கேள்வி: முகத்தில் வெளிர்ந்த திட்டுகள் உள்ளன. படம் இணைப்பில். என்ன களிம்பு பூசலாம்?

பதில்: முதலில் சொன்னதையே மீண்டும் சொல்கிறேன்: படம் வேண்டாம். பெயர் தெரியாத திட்டின்மேல் ஸ்டீராய்டு களிம்பைப் பூசவே பூசாதீர்கள். மாணவர்களுக்காக ஒன்று: வெளிர்ந்த திட்டைக் கண்டால், அது தேமலாகத் தோன்றினாலும் பஞ்சுநுனியால் தொட்டு உணர்ச்சியைச் சோதியுங்கள். தொழுநோயின் திட்டுகளைப் பிடிக்க அது உதவும்.

கேள்வி: கருந்தோல் உள்ளவர்களுக்குத் தோல் புற்றுநோய் வராது என்பது உண்மையா?

பதில்: உண்மையன்று. குறைவாகவே வரும், ஆனால் வரும்போது, யாரும் பார்க்காத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரக்கூடும், தாமதமாகவே கண்டறியப்படும். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தின் அடியில்தான் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் வந்தது. அவர் 1981இல் 36 வயதில் இறந்தார். காலுறையைக் கழற்றாமல் தோல் பரிசோதனையை முடிக்காதீர்கள்.

கேள்வி (முதலாண்டு மாணவர்): நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நோயற்ற தோலிலிருந்து தொடங்குங்கள். பல நகங்களில் நீளவாக்கில் ஓடும் பழுப்புக் கோடுகள், உள்ளங்கை ரேகைகளின் கருமை, ஈறுகளில் கருந்திட்டு ஆகியவை கருந்தோலில் இயல்பானவை. ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகன்றுகொண்டே போகும் கோட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். பச்சிளங்குழந்தையின் இடுப்பிலும் பிட்டத்திலும் தெரியும் நீலச் சாம்பல் திட்டும் இயல்பானதே. அதைப் பிறந்த அன்றே இடத்தோடும் அளவோடும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பின்னாளில் அந்தக் குழந்தையைப் பார்க்கும் வேறொரு மருத்துவர் அதை அடிபட்ட கன்றல் என்று கருதிப் பெற்றோரைச் சந்தேகிக்காமல் இருக்க அந்தக் குறிப்பு உதவும்.