சும்மா நிற்கும் பென்குயின்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கண்டுபிடிப்பாளர் வாலஸும் அவர் நாய் குரோமிட்டும் வரும், களிமண் பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்த 2024 படத்தை மகளோடு நெட்ஃபிளிக்ஸில் பார்த்தேன். 1993இல் வந்த வில்லன் பென்குயின் ஃபெதர்ஸ் மெக்கிராவை 31 வருடம் கழித்து ஏன் திரும்பக் கூட்டிவந்தார்கள்? வாயில்லை, புருவமில்லை, சும்மா நிற்கிறது. வாலஸின் குரலும் மாறியிருக்கிறது. பத்து வயது மகள் இப்போது களிமண் பென்குயின் செய்து போனில் படமெடுக்கிறாள். படம் மினுக்குகிறது, பென்குயின் துள்ளுகிறது. கணினியில் சட்டென்று செய்யலாமே என்றால் கேட்பதில்லை.

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

குரல் விஷயம் சின்னது. முன்பு வாலஸுக்குப் பேசிய பீட்டர் சாலிஸ் 2017இல் காலமானார். இப்போது பேசுபவர் பென் வைட்ஹெட். நன்றாகவே பேசுகிறார். இந்தப் படத்தின் தோட்டக் குள்ளன் ரோபோ கதை இயக்குநர் நிக் பார்க்கிடம் பல வருடமாக இருந்தது, அந்த ரோபோவைக் கெடுக்க ஓர் ஆள் இல்லை. அதனால் ஃபெதர்ஸ் வந்தான்.

அந்த ‘சும்மா’தான் சுடுகிறது. பார்த்துவிட்டா எழுதினீர்கள்? விநாடிக்கு 24 பிரேம். பொம்மையின் ஒரு நிலையை இரண்டு பிரேமுக்கு வைத்தால் விநாடிக்கு 12 நிலைகள், நிமிடத்துக்கு 720. வாலஸிடம் ஒரு பிசகு நேர்ந்தால் வாயசைவிலும் கையாட்டலிலும் மறைந்துவிடும். ஃபெதர்ஸிடம் இருப்பது இரண்டு கறுப்பு மணிக்கண்ணும் ஓர் அலகும். தலை ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகத் திரும்பினால் அந்தக் கல்லுளிமங்கன் வெறும் பொம்மையாகிவிடுவான். சிவப்பு ரப்பர் கையுறையைத் தலையில் மாட்டிக் கோழி வேஷம் போடும்போதும் முகம் அதேதான். சிரிப்பும் பயமும் சேர்ந்து வருவது அதனால்தான். குரோமிட்டுக்கும் முதலில் குரல் கொடுக்கத்தான் எண்ணியிருந்தார்கள். கண்ணும் புருவமும் அசைந்தாலே போதும் என்று படமெடுக்கும்போது தெரிந்தது, குரலை விட்டார்கள். ஃபெதர்ஸுக்கு அந்தப் புருவமும் கிடையாது. 1993இல் பொம்மையை அசைத்த கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ் இவனை நடிக்கவைத்தது எங்கே அசைப்பது, எங்கே நிறுத்துவது என்ற கணக்கில்தான்.

உங்கள் மகளுக்கு இது புரிந்திருக்கிறது. கணினிப் பேச்சை இனி அவளிடம் எடுக்காதீர்கள்.

மினுக்குவதற்குக் காரணம், போன் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானே திருத்திக்கொள்வது. திரையில் பென்குயின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். ஜன்னல் திரையை மூடி, ஒரே ஒரு எல்இடி மேசை விளக்கு வையுங்கள். வெயில் நகர்ந்தால் நிழலும் நகரும். அவள் கறுப்புச் சட்டை போடட்டும். வெள்ளைச் சட்டை வெளிச்சத்தைப் பொம்மைமேல் திருப்பி அடிக்கும். போனைத் தொட்டு எடுத்தால் ஆடும், டைமரை 3 விநாடிக்கு வையுங்கள்.

துள்ளுவது ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நகர்த்துவதால். தலையைத் திருப்ப 6 படம் என்றால் முதல் இரண்டில் கொஞ்சம், நடு இரண்டில் அதிகம், கடைசி இரண்டில் மறுபடி கொஞ்சம். கண்ணுக்குக் கறுப்புத் தலைக் குண்டூசி. வெள்ளை வயிற்றை முதலில் செய்துவிட்டுத்தான் கறுப்பைத் தொடவேண்டும், இல்லையென்றால் வயிறு சாம்பலாகும். கைச்சூட்டில் மண் இளகினால் பத்து நிமிடம் பிரிட்ஜில் வையுங்கள்.

திரும்பிய தலை அப்படியே நிற்க 24 படம், அதாவது விநாடிக்கு 12 படம் என்ற கணக்கில் 2 விநாடி. ஒரே படத்தை நகலெடுத்து ஒட்டவேண்டாம். படத்துக்குப் படம் மாறும் மெல்லிய புள்ளிகளின் அதிர்வு நின்று, பென்குயின் செத்துப்போகும். இருபத்து நான்கையும் எடுக்கும்வரை அவள் கை பொறுக்காது. பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் எண்ணுங்கள், நீங்களும் கறுப்புச் சட்டையில்.