அலுமினிய குக்கரை ஏற்காத இண்டக்‌ஷன் அடுப்பு

அலுமினிய குக்கரை மாற்றப் போவதில்லை என்றால் இன்ஃப்ராரெட் அடுப்பு (தட்டே சூடாகும் மின் அடுப்பு) வாங்குங்கள். அதில் எந்தப் பாத்திரமும் சூடாகும். புது இண்டக்‌ஷன் அடுப்பு அந்தக் குக்கரை வைத்ததும் பீப் அடித்து நின்றுவிடுவது பெரும்பாலும் கோளாறு இல்லை. அது காந்தப்புலத்தால் பாத்திரத்தின் அடியைச் சூடாக்குகிறது, சாதாரண அலுமினியம் அதற்கு ஒத்துவராது.

அடுப்பைக் கடையில் திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு காந்தத்தை எல்லாப் பாத்திரங்களின் அடியிலும் வைத்துப் பாருங்கள். முக்கால்வாசிப் பாத்திரங்களில் அது கெட்டியாக ஒட்டினால் அடுப்பை வைத்துக்கொண்டு, இண்டக்‌ஷன் அடி உள்ள குக்கர் ஒன்று மட்டும் வாங்குங்கள். என்னைக் கேட்டால் அதுதான் நல்லது: மின்சாரம் மிச்சம், சமையலறையும் அவ்வளவு சூடாகாது. இரும்பு தோசைக்கல்லிலும் காந்தம் ஒட்டும், ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும்.

இன்ஃப்ராரெட் அடுப்பை அணைத்த பிறகும் தட்டு வெகுநேரம் சுடும், வீட்டில் குழந்தை இருந்தால் கவனம். அப்புறம், எதை வாங்கினாலும் 2000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் செருகவே செருகாதீர்கள், 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும்.