மூன்றாவது சேலையில் அறுந்துபோகும் இணைப்பு

கேள்வி: பர்கூரில் ஜவுளிக் கடைகளுக்குச் சேலைப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். கேமரா கேனான் 1500டி. எடுத்த படம் உடனே லேப்டாப் திரையில் வந்தால் முதலாளி அங்கேயே பார்த்துச் சொல்லிவிடுவார் என்று 5 மீட்டர் கேபிள் ஒன்று 120 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். லேப்டாப் கேமராவை ஏதோ பென் டிரைவ் போலக் காட்டியதே தவிர படம் தானாக வரவில்லை. கேனானின் மென்பொருளைப் போட்ட பிறகு வருகிறது, ஆனால் இரண்டு மூன்று சேலைக்கு அப்புறம் இணைப்பு அறுந்துவிடுகிறது. கேமராவில் கோளாறா சார்?
- பர்கூர் வாசகர்

பதில்: கேமராவைச் சந்தேகிப்பதற்கு முன்னால் அந்த 120 ரூபாயைச் சந்தேகியுங்கள். யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் கடைசி எல்லை, அதுவும் நல்ல கேபிளாக இருந்தால். மலிவு கேபிளில் உள்ளே ஓடும் செம்பு முடி கனத்துக்குத்தான் இருக்கும், அந்த நீளத்துக்கு சிக்னல் தாக்குப்பிடிக்காது. அதனால் 2 மீட்டரிலோ 3 மீட்டரிலோ கொஞ்சம் தடித்த கேபிளாக வாங்குங்கள். உங்கள் கேமராவில் இருப்பது மினி யூஎஸ்பி, போன் சார்ஜருக்கு வரும் மைக்ரோ அல்ல, கடையில் கேட்கும்போது மாற்றிக் கொடுத்துவிடப் போகிறார்கள். தூரம் வேண்டியே ஆகவேண்டும் என்றால் நடுவில் சிக்னலைத் தூக்கிவிடும் ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன் கிடைக்கிறது. ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப் எதுவும் நடுவில் வேண்டாம், லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள்.

ஆனால் நீங்கள் எழுதியதில் 'இரண்டு மூன்று சேலை' என்ற இடம்தான் எனக்கு உறுத்துகிறது. ஒரு சேலையை அவிழ்த்து, அடுத்ததை மடிப்பெடுத்துப் பொம்மைக்குக் கட்டி, முந்தானையை விரித்துவிட எப்படியும் சில நிமிடம் ஆகிறதல்லவா, அந்த நேரத்தில் கேமரா தூங்கிவிடுகிறது. மெனுவில் ஆட்டோ பவர் ஆஃப் என்று இருக்கும், அதை நிறுத்திவிடுங்கள். லேப்டாப்பும் இதே வேலையைச் செய்யும்: விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். எது காரணம் என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை: இடைவெளி விடாமல் முப்பது படம் எடுத்துப் பாருங்கள். அப்போதும் அறுந்தால் பெரும்பாலும் கேபிள், சும்மா வைத்திருந்தால் மட்டும் அறுந்தால் தூக்கம். கேமராவில் வைஃபை ஆன் ஆகியிருந்தால் 1500டி கேபிள் இணைப்பையே ஏற்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் நீங்கள் போட்டது ஈஓஎஸ் யுடிலிட்டியாக இருக்கும் என்று நினைக்கிறேன். இலவசம்தான், கேமரா அடியில் உள்ள சீரியல் எண்ணைக் கொடுத்தால் கேனான் தளத்தில் இறங்கும். அதன் பிரிஃபரன்ஸில் இரண்டு வேலை உண்டு. படம் எந்த ஃபோல்டருக்குப் போகவேண்டும் என்று கடைவாரியாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம், கேமராவில் உள்ள மெமரி கார்டிலும் சேர்த்துச் சேமிக்கச் சொல்லும் பெட்டியை டிக் செய்யுங்கள், லேப்டாப் காலை வாரினாலும் கார்டில் படம் இருக்கும். ரா கோப்பு, அதாவது கேமரா பதப்படுத்தாமல் அப்படியே தரும் படம், ஒன்று 25, 30 எம்பி வரும், அது திரைக்கு வந்து சேர ஓரிரு நொடி ஆகும். முதலாளி பொறுமை இல்லாதவர் என்றால் சுருக்கிய ஜேபெக் படம் மட்டும் போதும்.

எடுக்கும் முன்பே காட்சியைத் திரையில் காட்டும் லைவ் வியூவைத் திறந்தே வைத்தால் பேட்டரி மடமடவென்று இறங்கும். எல்பி-ஈ10 பேட்டரி இருக்கும் இடத்தில் செருகி, கரண்டில் ஓட்டும் போலி பேட்டரி விற்கிறார்கள், நாள் முழுக்க எடுப்பவருக்கு அது லாபம். கரண்ட் போனால் கேமரா பொட்டென்று நின்றுவிடும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

கேபிளைத் தரையில் தொங்கவிடாதீர்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் டீ கொண்டுவந்த பையன் காலில் என் கேபிள் மாட்டி, அவனும் விழுந்து, டிரைபாடும் சாய்ந்து, கடைசியில் கேமராவின் யூஎஸ்பி வாய்தான் பிய்ந்தது. அது உள்ளே போர்டில் பற்றவைத்த சமாசாரம், சரிசெய்யக் கொடுத்த காசுக்குப் பத்து நல்ல கேபிள் வாங்கியிருக்கலாம். இப்போதெல்லாம் கேபிளை டிரைபாட் காலில் ஒரு சுற்றுச் சுற்றி டேப் போட்டுவிடுகிறேன், இழுத்தால் டிரைபாட்தான் அசையும், சாக்கெட் அசையாது.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் குட்டி சூரத் என்று பெயரெடுத்த ஊரில் சண்டை வரப்போவது அதனால்தான். லேப்டாப்பில் நைட் லைட் ஓடினால் திரை மஞ்சளடிக்கும், அரக்குச் சேலை செங்கல் நிறத்தில் தெரியும், முதலாளி உங்களைத் திட்டுவார். அதை அணையுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்து விழுந்தால் வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் எதுவும் முழுதாகக் காப்பாற்றாது, ஒன்றை மூடிவிடுங்கள். முதல் படத்தில் சாம்பல் நிற அட்டையை வைத்து எடுத்து அதற்கு ஒயிட் பேலன்ஸ் வையுங்கள். ஜரிகை வெளுத்து எரிகிறதா என்பதைப் பெரிய திரையில் உடனே பார்த்துவிடலாம், என்னைக் கேட்டால் கேபிள் போட்டு எடுப்பதில் பெரிய லாபமே இதுதான்.

கேள்வி: என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் இருக்கிறது. கேமராவை இணைத்து எடுக்க வழி உண்டா?
- தர்மபுரி வாசகி

பதில்: உண்டு. என்டாங்கிள் என்ற இலவச நிரலைப் போடுங்கள், அதற்குப் பின்னால் கேமராவோடு பேசி உழைப்பது லிப்ஜிஃபோட்டோ2 என்ற இன்னொரு மென்பொருள். லிப்ஜிஃபோட்டோ2வின் தளத்தில் கேமராக்களின் பட்டியல் இருக்கிறது, உங்கள் மாடலுக்கு நேரே படம் எடுக்கும் வசதியும் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். சில மாடல்களில் படத்தை நகலெடுக்க மட்டும்தான் முடியும். கேபிள் மாட்டிய உடனே ஃபைல் மேனேஜர் கேமராவைத் தன் வசம் பிடித்துக்கொள்ளும், என்டாங்கிள் 'கேமரா பிஸி' என்கிற பாணியில் முறைக்கும். ஃபைல் மேனேஜரில் அந்தக் கேமராவை அன்மவுண்ட் செய்து, அதாவது அதன் பிடியிலிருந்து விடுவித்துவிட்டு, மறுபடி முயலுங்கள், கேபிளைக் கழற்ற வேண்டாம். கேபிள் விஷயத்தில் பர்கூர்காரருக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.